அச்சில் வந்த மிகுபுனைவுத் திரைக்கதையை வாசிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மிகுபுனைவுப் (ஃபேன்டஸி) படமொன்றின் திரைக்கதை புத்தகமாக வெளிவரும்போது அதை ஆசையோடு வாங்குகிறவர்களில் பலர் முப்பது, நாற்பது பக்கங்களைத் தாண்டுவதில்லை. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் நண்பர்கள் சிலர் மாதம் இருமுறை ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடித் திரைக்கதை வாசிக்கிறோம். புதிதாக வந்து சேர்கிறவர்கள் எங்கே தடுக்கி நிற்கிறார்கள் என்பதை அந்த வட்டத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். கல்லூரி மாணவரும், பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

வசனங்களுக்கு நடுவே வரும் விவரணைப் பத்திகள்தான் அந்த இடம். அவற்றைத் தாண்டிவிட்டு வசனத்தை மட்டும் வாசிக்கும் பழக்கம் நம்மில் ஊறியிருக்கிறது. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டும் கதை வசனப் புத்தகம் படித்தும் வளர்ந்தவர்களுக்கு வசனம்தான் படம் என்று தோன்றுவது இயல்பே. குடும்பக் கதையை அப்படி வாசித்தாலும் பாதியாவது கைக்கு வரும். மிகுபுனைவில் மாயம் நிகழ்வதே விவரணை வரியில் என்பதால், அதைத் தாண்டியவருக்குக் கதையே பிடிபடாது. கீழே உள்ள படிகளின் வரிசை, அந்த வரிகள் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே அமைந்தது. வரிசையை மாற்றாமல் செல்லுங்கள்.

1. கையில் இருப்பது எந்தப் பிரதி என்று முதலில் அறியுங்கள்

திரைக்கதை என்ற பெயரில் அச்சாகும் நூல்கள் பெரும்பாலும் மூன்று வகை. படப்பிடிப்புக்கு முன் எழுதிய வரைவு ஒரு வகை. படப்பிடிப்பில் பயன்பட்ட, காட்சிகளுக்கு எண் இட்ட பிரதி இன்னொரு வகை. படம் முடிந்தபின் திரையில் உள்ளதற்கு ஏற்ப ஒழுங்குசெய்த பிரதி மூன்றாவது. எந்த வகை என்பதை முன்னுரையோ பதிப்புரிமைப் பக்கமோ சொல்லிவிடுவதுண்டு. அதைத் தேடிப் படித்துவிட்டே முதல் காட்சிக்குப் போங்கள். வரைவை வாசிக்கிறோம் என்று தெரியாதவர், படத்தில் இல்லாத காட்சி வரும்போது தம் நினைவைத்தான் சந்தேகிப்பார்.

நாவல் என்று எண்ணி வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. ஜே.கே. ரௌலிங் எழுதிய ‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ் அண்ட் வேர் டு ஃபைண்ட் தெம்’ திரைக்கதை 2016 நவம்பரில் நூலாக வந்தது. 1926 ஆம் ஆண்டு நியூயார்க்கில் நிகழும் அந்தக் கதை நேரடியாகத் திரைக்கதையாக எழுதப்பட்டது. அதே பெயரில் 2001 இல் வந்தது மாய விலங்குகளைப் பட்டியலிடும் பாடநூல் வடிவச் சிறுநூல். 2016 ஜூலையில் வந்த ‘ஹாரி பாட்டர் அண்ட் தி கர்ஸ்ட் சைல்ட்’ மேடை நாடகப் பிரதி. மூன்றும் கடையில் ஒரே அடுக்கில் இருக்கக்கூடும். அட்டையைப் பார்த்து வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம்.

ஆகவே நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். ‘இன்ட்.’ அல்லது ‘எக்ஸ்ட்.’ என்று தொடங்கி இடத்தையும் நேரத்தையும் சொல்லும் தலைப்பு வரிகள் இருந்தால் அது திரைக்கதை. அங்கம், காட்சி என்று மட்டும் பிரிந்து மேடைக் குறிப்புகள் இருந்தால் அது நாடகம்; அதை வாசிக்கும் முறை வேறு.

கோலாலம்பூரில் இருப்பவர்கள் சூரியா கே.எல்.சி.சி.யின் கினோகுனியாவில் சினிமா அடுக்கு, மிகுபுனைவு நாவல் அடுக்கு இரண்டிலும் தேடுங்கள். பினாங்கில் எங்கள் வழக்கம் சௌராஸ்தா சந்தையின் பழைய புத்தகக் கடைகள். பழைய பிரதியை வாங்கும்போது பக்க எண்களைத்தான் சரிபார்க்க வேண்டும், காட்சி எண்களை அல்ல. எங்கள் வட்டத்தில் சேர்ந்த ஒரு தம்பி, 45 ஆம் காட்சிக்குப் பிறகு ‘45ஏ’ வருவதையும், 52 ஆம் எண்ணுக்கு நேரே ‘ஒமிட்டட்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருப்பதையும் கண்டு, பக்கம் கிழிந்த புத்தகம் என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘ஏ’ என்பது எண்ணிட்ட பிறகு இடையில் சேர்த்த காட்சி; ‘ஒமிட்டட்’ என்பது நீக்கிய காட்சி. மற்றக் காட்சிகளின் எண் குழம்பாமல் இருக்கவே அந்த இடத்தை அப்படியே விட்டுவைக்கிறார்கள்.

2. தொடங்குமுன் எடுத்துவைக்க வேண்டியவை

பென்சில், கோடு போட்ட நோட்டுப் புத்தகம், இடையூறு இல்லாத இரண்டரை மணி நேரம் ஆகியவை போதும். பேனா வேண்டாம், மிகுபுனைவில் எட்டாம் பக்கத்தில் நீங்கள் எழுதும் குறிப்பை எண்பதாம் பக்கம் மாற்ற வைக்கும்.

படத்தை இன்னும் பார்க்கவில்லை என்றால் பார்க்காமலே தொடங்குங்கள். ஏற்கெனவே பார்த்திருந்தால், முன்னோட்டக் காட்சிகளையோ நடிகர்களின் படங்களையோ மறுபடி புரட்டாதீர்கள். எழுத்து கேட்பது உங்கள் மனக்கண்ணை. அதில் திரையின் பிம்பம் முன்கூட்டியே உட்கார்ந்துவிட்டால், வரியில் இருப்பதும் நினைவில் இருப்பதும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும்.

3. குறியீடுகளை மனத்தில் பதியுங்கள்

சில பதிப்புகளில் பின்பக்கங்களில் சொல் விளக்கம் இருக்கும். இருந்தால் அதையே முதலில் படியுங்கள். இல்லையென்றால் கீழே உள்ளவை போதும்.

‘இன்ட்.’ என்றால் உட்புறம், ‘எக்ஸ்ட்.’ என்றால் வெளிப்புறம். இடப்பெயரை அடுத்து வரும் பகல், இரவு என்ற சொல்லைப் புதியவர்கள் பார்ப்பதே இல்லை. இரவில் மட்டும் பலிக்கும் மந்திரம் உள்ள கதையில் அந்தச் சொல்லைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அதே இடத்தில் ‘கன்டினியூயஸ்’ என்று இருந்தால், முந்தைய காட்சி முடிந்த நொடியிலேயே இது தொடங்குகிறது என்று பொருள். பாத்திரத்தின் பெயருக்குப் பக்கத்தில் வரும் ‘கன்ட்’ட்’ வேறு. இடையில் ஒரு செயல் வந்தபிறகும் அதே ஆள்தான் தொடர்ந்து பேசுகிறார் என்பதை அது காட்டுகிறது.

‘பீட்’ என்பது ஒரு கணத்து மௌனம். ஒரு வாசிப்பில், அடைப்புக்குறிக்குள் இருந்த அந்தச் சொல்லை ‘அடிக்கிறான்’ என்று எடுத்துக்கொண்ட ஒருவருக்கு, தந்தையும் மகளும் சமாதானமாகும் காட்சி முழுவதும் கைகலப்பாகத் தெரிந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது, அகராதி அப்படித்தான் சொல்கிறது. ‘சூப்பர்’ என்று வந்தால் திரையின் மேல் தோன்றும் எழுத்து, ‘பி.ஓ.வி.’ என்றால் ஒரு பாத்திரத்தின் கண் வழியாகப் பார்ப்பது, ‘ப்ரீ-லாப்’ என்றால் அடுத்த காட்சியின் ஒலி இந்தக் காட்சியிலேயே கேட்கத் தொடங்குவது.

‘வி.ஓ.’, ‘ஓ.எஸ்.’ என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வேறெந்தக் குறியீட்டையும்விடக் கவனமாகக் கற்றுக்கொள்ளுங்கள். பேசுகிறவர் அந்த இடத்திலேயே இருக்கிறார், காமிரா அவரைக் காட்டவில்லை என்றால் அது ‘ஓ.எஸ்.’. பேசுகிறவர் அந்த இடத்திலேயே இல்லை, கதைசொல்லியின் குரலாகவோ மனத்தின் குரலாகவோ மட்டும் கேட்கிறார் என்றால் அது ‘வி.ஓ.’. சாதாரணக் கதையில் இது வெறும் தொழில்நுட்பக் குறிப்பு. மிகுபுனைவிலோ, உருவமில்லாத ஒரு குரல் பேசும்போது அதற்குப் பக்கத்தில் ‘ஓ.எஸ்.’ என்று இருந்தால், அந்த உருவம் இப்போது இந்த அறைக்குள்தான் இருக்கிறது. நாயகனுக்குத் தெரியாத செய்தி அந்த இரண்டு எழுத்துகளால் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இறுதியாக, பெரிய எழுத்துகள். ஆங்கிலத் திரைக்கதையில் ஒரு பாத்திரம் முதன்முறை தோன்றும்போது அதன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுவது வழக்கம். முக்கியமான ஒலிகளையும் பொருள்களையும்கூடச் சிலர் அப்படி எழுதுவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாததால், நம் கண் அதை அழகுக்காகச் செய்தது என்று எண்ணிக் கடந்துவிடுகிறது. பெரிய எழுத்தில் ஒரு பெயரைக் கண்டால் நின்று, அதை ஒட்டிய வரியை இருமுறை வாசியுங்கள். அந்தப் பாத்திரத்தின் வயது, தோற்றம், ஒருவேளை குணமும், அந்த ஒரே வரியில்தான் இருக்கும். பிறகு திரும்ப வராது.

4. சிறு காட்சி ஒன்றில் கையைப் பழக்குங்கள்

புதியவர்களுக்குக் கொடுப்பதற்காக நானே எழுதிவைத்திருக்கும் பயிற்சிக் காட்சி இது. புத்தகத்தைத் திறக்குமுன் இதை ஒருமுறை வாசியுங்கள்.

இன்ட். சௌராஸ்தா சந்தை, மேல்மாடி, பழைய புத்தகக் கடை – மாலை

மழை. கூரையில் விழும் ஓசை மற்ற எல்லா ஒலிகளையும் மூடுகிறது. கயல், 12, பள்ளிச் சீருடை, புத்தக அடுக்கின் இடுக்கில் கையை விடுகிறாள். உள்ளிருந்து ஏதோ அவள் கையைப் பிடிக்கிறது.

அவள் கத்தவில்லை. மெல்ல இழுக்கிறாள். உள்ளங்கை அளவுத் தாள் பறவை ஒன்று அவள் விரலைக் கவ்விக்கொண்டு வெளியே வருகிறது. இறக்கை நிறைய அச்செழுத்து.

கடைக்காரர் (ஓ.எஸ்.)
அது முப்பது வெள்ளி.

கயல்
(பறவையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி)
எது அங்கிள்?

கடைக்காரர், 60, அடுக்குக்குப் பின்னாலிருந்து வருகிறார். அவர் பார்ப்பது கயலை அல்ல, சுவரில் விழும் அவள் நிழலை. நிழலின் கையில் பறவை இல்லை.

கடைக்காரர்
(நிம்மதியாக)
ஒன்னும் இல்ல. போ பாப்பா, மழ விட்டுருச்சு.

மழை விடவில்லை.

கட் டு:

எக்ஸ்ட். பினாங்கு சாலை – கன்டினியூயஸ்

கயல் மழைக்குள் நடக்கிறாள். அவள் மேல் ஒரு துளியும் விழவில்லை.

இதை வாசித்தவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், ‘ஒரு பிள்ளை புத்தகக் கடைக்குப் போகிறாள், கடைக்காரர் விலை சொல்கிறார், பிறகு மனமிரங்கி அனுப்பிவிடுகிறார்’ என்ற பதில்தான் அதிகம் வருகிறது. வசனத்தை மட்டும் பார்த்தால் அது சரியான பதில்தான். நிழலில் பறவை இல்லை என்ற வரியைக் கண்டவருக்கோ முற்றிலும் வேறு காட்சி கிடைக்கிறது: கடைக்காரருக்குப் பறவையைப் பற்றித் தெரியும், எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும், பார்த்தது அவர் எதிர்பார்த்த ஒன்று.

‘மழை விடவில்லை’ என்ற இரண்டு சொற்களையும் பாருங்கள். பாத்திரம் ஒன்றைச் சொல்கிறது, விவரணை அதை மறுக்கிறது. இப்படி முரண்படும்போது விவரணையையே நம்ப வேண்டும்; அது காமிரா கண்டது. கடைக்காரர் பொய் சொல்கிறாரா, அல்லது கயலுக்கு மட்டும் மழை விட்டுவிட்டது என்ற உண்மையைச் சொல்கிறாரா என்பதை அடுத்த காட்சி காட்டுகிறது.

5. முதல் வாசிப்பு: எங்கும் நிறுத்தாமல்

இப்போது புத்தகத்தை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை ஒரே அமர்வில் வாசியுங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம், அகராதியும் வேண்டாம். மந்திரச் சொற்களும் விலங்குப் பெயர்களும் பெரும்பாலும் அந்த எழுத்தாளர் உருவாக்கியவை. அகராதியில் தேடினால் நேரம்தான் போகும். புரியாத பெயரை ஒரு முகம்போல் எண்ணிக் கடந்து போங்கள்; இரண்டாம் முறை வரும்போது அடையாளம் தெரியும்.

ஒரே அமர்வு என்று வற்புறுத்துவதற்குக் காரணம், திரைக்கதை இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகும் ஒன்றுக்காக எழுதப்படுவது. நாலாவது நிமிடத்தில் காட்டிய பெட்டி தொண்ணூறாவது நிமிடத்தில் திறக்கும்போது பார்வையாளர் மனத்தில் அது இன்னும் இருக்கும் என்ற கணக்கில்தான் எழுத்தாளர் வேலை செய்திருக்கிறார். தினமும் எல்.ஆர்.டி. ரயிலில் பத்துப் பக்கம் என்று வாசித்தால் அந்தப் பெட்டி உங்களுக்கு மறந்திருக்கும்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில், குறிப்பிட்ட ஓரங்களுடன் தட்டச்சான பக்கத்துக்கு உரிய தோராயக் கணக்கு. அச்சு நூலில் பக்க அமைப்பு முழுவதும் மாறியிருப்பதால் அது பொருந்தாது. ‘படை கோட்டையைத் தாக்குகிறது’ என்ற ஒரு வரி திரையில் ஐந்து நிமிடம் ஓடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அத்தகைய வரிகளில் உங்கள் வேகம் குறைய வேண்டும், மனத்தில் அது நடந்து முடியும்வரை.

6. இரண்டாம் வாசிப்பு: விவரணை வரிகள் மட்டும்

அடுத்த நாள் உட்காருங்கள். வழக்கமான அமைப்பில் வசனம் பக்கத்தின் நடுவே ஒடுங்கியும் விவரணை இடது ஓரத்திலிருந்தும் தொடங்கும். இம்முறை இடது ஓரத்து வரிகளை மட்டும் வாசியுங்கள். விவரணையைத் தாண்டும் பழைய வழக்கத்துக்கு நேர் எதிரான பயிற்சி இது. முதல் பத்துப் பக்கம் விசித்திரமாக இருக்கும்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், கண்ணுக்கு உரியது என்றால் ‘க’, காதுக்கு உரியது என்றால் ‘செ’ என்று பென்சிலால் குறியுங்கள். திரைக்கதையில் மனத்துக்குள் நடப்பதை எழுத இடம் குறைவு. காட்டவோ கேட்கவைக்கவோ முடிந்ததே திரைக்கு வரும். ‘அவளுக்குப் பயம்’ என்று எழுதாமல் ‘அவள் விளக்கின் திரியை இன்னும் கொஞ்சம் தூண்டுகிறாள்’ என்று எழுதியிருக்கும். குறி இடும்போதுதான் அந்த மாற்றம் உங்களுக்குத் தெரியத் தொடங்கும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’. எல். ஃபிராங்க் பாம் 1900 இல் வெளியிட்ட நாவலில் நாயகி டோரதியின் மாயக் காலணி வெள்ளி நிறம். 1939 இல் வந்த படத்துக்கான திரைக்கதையில் நோயல் லாங்லி அதை மாணிக்கச் சிவப்பாக மாற்றினார். டெக்னிகலர் வண்ணத்தில் வெள்ளியைவிடச் சிவப்பு துலங்கும் என்பதே காரணம். நாவலில் காலணியின் நிறம் ஒரு பெயரடை. திரைக்கதையில் அது கண்ணை எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கான உத்தரவு. விவரணை வரியில் ஒரு நிறமோ அளவோ ஒலியோ குறிப்பிடப்பட்டிருந்தால், ‘இது ஏன் இங்கே?’ என்று கேட்டுவிட்டே நகருங்கள்.

இந்த வாசிப்பில், ‘இதை எப்படிப் படம் எடுத்திருப்பார்கள்?’ என்ற கேள்விக்குள் போகாதீர்கள். கணினி வரைகலை பற்றிய பேச்சு சுவையானதுதான். ஆனால் அது தொடங்கியதும் பறவை தாளாகவும் மென்பொருளாகவும் மாறிவிடுகிறது, கயலின் விரலைக் கவ்வியிருப்பது யாருக்கும் நினைவில்லை.

7. மாயத்தின் விதிகளுக்கு ஒரு பேரேடு

முழு வேலையின் மையம் இந்தப் படி. நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் வரையுங்கள்: என்ன நிகழ்ந்தது, யார் நிகழ்த்தியது, அதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது, அது யாருக்குத் தெரியும். ஓரத்தில் பக்க எண். பிறகு மூன்றாம் முறையாகப் புரட்டி, இயல்புக்கு மாறான ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு வரியில் நிகழ்காலத்தில் எழுதுங்கள். நாம் கதை சொல்லும்போது ‘பறவை வந்தது’ என்று இறந்தகாலத்துக்குப் போய்விடுவோம். திரைக்கதையோ நிகழ்காலத்திலேயே நடப்பது. ‘பறவை வருகிறது’ என்று எழுதும்போது, இன்னும் முடியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வு குறிப்பிலும் தங்கும்.

கயல் காட்சிக்கு எழுதினால் முதல் வரி இப்படி அமையும்: தாள் பறவைக்கு நிழல் இல்லை, நிகழ்த்தியவர் தெரியவில்லை, விலை தெரியவில்லை, கடைக்காரருக்குத் தெரியும், கயலுக்குத் தெரியாது. இரண்டாவது வரி: பறவையை வைத்திருப்பவர் மேல் மழை விழுவதில்லை. இங்கே நிறுத்தி, இரண்டாவது வரி உண்மையில் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை. ‘அவள் மேல் ஒரு துளியும் விழவில்லை’ என்று மட்டும்தான் இருக்கிறது; பறவைதான் காரணம் என்பது நாம் சேர்த்தது. அது கயலின் சொந்த ஆற்றலாக இருக்கலாம், கடைக்காரரின் வாக்கு பலித்ததாகவும் இருக்கலாம். பக்கத்தில் உள்ளதை மட்டும் எழுதி, சேர்த்ததைக் கேள்விக்குறியோடு தனியாக வையுங்கள்.

பேரேட்டில் நிகழும் தவறுகளில் மிகப் பரவலானது, வேறு கதைகளின் விதிகளை இங்கே கொண்டுவருவது. மந்திரக்கோல் இருந்தால் இப்படித்தான், டிராகன் என்றால் நெருப்புதான், பேய்க்குக் கால் இருக்காது என்று நாம் பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்தவை ஏராளம். கால் இல்லாதது பேய் என்ற நம் ஊர் நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு திரைக்கதை முழுவதும் அடையாளம் தேடினார். அந்தக் கதையின் ஆவிகள் காலணிகூட அணிந்திருந்தன. ஒவ்வொரு திரைக்கதையும் தன் விதியைத் தானே எழுதுகிறது. அது சொல்லாததை நாம் நிரப்பினால் பிறகு அது சொல்வதைக் கேட்க முடியாது.

விலைப் பத்தி காலியாகவே நீண்டு போனால் கவலைப்படாதீர்கள். ஆனால் காலியாக இருக்கும் கட்டங்களுக்குக் கோடு போட்டு மூடிவிடாதீர்கள். நல்ல திரைக்கதையில் முதல் பாதியில் இலவசமாகத் தோன்றிய மாயத்துக்குப் பிற்பாதியில் கணக்கு வரும். அப்போது அந்தக் காலிக் கட்டத்துக்குத் திரும்பிவந்து எழுதுவதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது. ஒரு விதி பின்னால் உடைந்ததுபோல் தெரிந்தால் பழைய வரியை அழிக்காமல் கீழே புதிய வரி சேர்த்துப் பக்க எண்ணால் இணையுங்கள். எழுத்தாளர் பிழைவிட்டாரா, அல்லது விதியை முதலில் தவறாகப் புரிந்துகொள்ளவைத்தாரா என்பதை இரண்டு வரிகளையும் அருகருகே வைத்தால்தான் தீர்மானிக்க முடியும்.

8. வசனம்: நீயா, நீங்களா?

இப்போது வசனத்துக்கு வரலாம். முடிந்தால் இருவர் அல்லது மூவராக உரக்க வாசியுங்கள். ஒருவர் விவரணையை மட்டும் வாசிக்க வேண்டும், அதுவும் உணர்ச்சி கலக்காத குரலில். அடைப்புக்குறிக்குள் உள்ள குறிப்புகளை உரக்கச் சொல்லாமல், அவற்றின்படி பேச வேண்டும். ‘பீட்’ வரும் இடத்தில் உண்மையாகவே ஒரு மூச்சு நேரம் நிறுத்துங்கள். புதியவர்களுக்கு அந்த மௌனம் சங்கடமாக இருக்கும், பழகிவிடும்.

ஆங்கிலத் திரைக்கதையை வாசிக்கும் தமிழருக்கு இங்கே ஒரு கருவி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். ஆங்கிலத்தில் ‘யூ’ என்ற ஒரே சொல்தான். அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போது நீ, நீங்கள் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். கிழ மந்திரவாதியிடம் சீடன் தொடக்கத்தில் ‘நீங்கள்’ என்பான்; எந்தக் காட்சியில் அது ‘நீ’ ஆகிறது? கோபத்திலா, நெருக்கத்திலா? அந்தக் காட்சியைச் சுட்டிக் காட்ட முடிந்தால் இருவருக்கும் இடையிலான உறவின் திருப்பத்தை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். முழு வசனத்தையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ‘யூ’வுக்கும் மேலே பென்சிலால் ‘நீ’ அல்லது ‘நீங்’ என்று எழுதினால் போதும்.

மனிதரல்லாத பாத்திரம் பேசத் தொடங்கினால் கேள்வி இன்னும் கூர்மையாகும். பேசும் விலங்கு ஒன்றை ‘அது’ என்பதா, ‘அவர்’ என்பதா என்று எங்கள் வட்டத்தில் ஒருமுறை ஒரு மாலை முழுவதும் விவாதம் நடந்தது. வயதில் மூத்தது, அறிவு சொல்கிறது, ஆகவே ‘அவர்’ என்றார் ஆசிரியர், மாணவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் விவரணை வரிகளை முதலிலிருந்து தேடினோம். முதல் பாதி முழுவதும் ‘இட்’ என்று எழுதிவந்த எழுத்தாளர், நாயகி அந்த விலங்கின் காயத்துக்குக் கட்டுப் போடும் காட்சியிலிருந்து ‘ஹி’ என்று மாற்றியிருந்தார். இரண்டு முறை வாசித்த எங்களில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. தமிழில் அதை எப்படிச் சொல்வது என்ற தொல்லைதான் எங்களை அந்தச் சொல்லிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

ஒரு எச்சரிக்கை: பாத்திரங்களைக் கோலாலம்பூர் மாமாக் கடையில் பேசும் தமிழுக்கு இழுத்துவந்துவிடாதீர்கள். மரியாதைச் சொல்லைத் தேர்வது உறவை அறிவதற்காக. 1926 இன் நியூயார்க் மந்திரவாதி நம் ஊர்க்காரராகிவிட்டால் அவருடைய உலகின் அந்நியத்தன்மை போய்விடும்.

9. காட்சிக்கும் காட்சிக்கும் இடையே

இது சிறிய படி. ஒவ்வொரு காட்சியின் கடைசி வரியையும் அடுத்த காட்சியின் முதல் வரியையும் மட்டும் சேர்த்து வாசித்துக்கொண்டே போங்கள். ‘மழை விடவில்லை’, ‘கயல் மழைக்குள் நடக்கிறாள்’ என்று ஒட்டிப் பார்த்தால், ‘கட் டு’ என்ற வெட்டு எதற்காக அந்த இடத்தில் விழுந்தது என்பது தெரியும்: கேள்வியை உள்ளே கேட்டுவிட்டு, பதிலை வெளியே வைத்திருக்கிறது.

ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குப் போகும் வெட்டுகளுக்கு மட்டும் நட்சத்திரக் குறி இடுங்கள். அங்கே ‘டிஸால்வ்’ எனக் கரைகிறதா, ‘ஸ்மாஷ் கட்’ எனத் திடீரென முறிகிறதா என்பது, அந்த உலகத்துக்குள் நுழைவது கனவைப் போன்றதா, விபத்தைப் போன்றதா என்பதற்கான எழுத்தாளரின் பதில்.

10. பிறகே படம்

இத்தனையும் முடிந்தபின் படத்தைப் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, புத்தகத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: புத்தகத்தில் இருந்து படத்தில் இல்லாதது, படத்தில் புதிதாக வந்தது, இடம் மாறியது. எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல இப்போது அவசரப்பட வேண்டாம். காட்சி நீக்கப்படுவதற்கு நீளம், பணம், நடிகரின் நாள்கணக்கு என்று எழுத்துக்குத் தொடர்பில்லாத காரணங்களும் உண்டு.

நீக்கிய காட்சி படத்தில் தடம் விட்டுச் செல்வதையும் தேடுங்கள். மேலே சொன்ன 1939 ஆம் ஆண்டுப் படத்தில் ‘ஜிட்டர்பக்’ என்ற பாட்டும் நடனமும் படமாக்கப்பட்டுப் பிறகு வெட்டப்பட்டன. ஆனால் அதற்கு முன்னோட்டமாகச் சூனியக்காரி, டோரதியின் கூட்டத்தைக் களைக்கவைக்கச் சிறு பூச்சியொன்றை முன்னதாக அனுப்பியிருப்பதாகச் சொல்லும் வசனம் அப்படியே தங்கிவிட்டது. படத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்தப் பூச்சி எங்கே போனது என்று தெரியாது. அந்த வரியே காதில் விழாமல்கூடப் போகலாம். திரைக்கதை வாசித்தவருக்கு அது உடனே உறுத்தும்.

ஒப்பீடு முடிந்ததும் பேரேட்டைத் திறந்து, கேள்விக்குறியோடு விட்ட வரிகளுக்கு வாருங்கள். படம் பதில் சொல்லியிருந்தால் வேறு நிறப் பென்சிலால் எழுதுங்கள். பதில் எழுத்திலிருந்து வந்ததா, நடிகரின் முகத்திலிருந்து வந்ததா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். படமும் பதில் சொல்லாத வரிகள் இரண்டு மூன்றாவது மிஞ்சும். எங்கள் வட்டத்தில் அடுத்த ஞாயிறு மாலைப் பேச்சை அந்த வரிகளிலிருந்துதான் தொடங்குகிறோம்.